கோட்டுக்கு அங்கிட்டு ஒரு கல்யாணம்

தெரியாது சார். இந்தப் பாலத்து மேல பஸ் ஏறினதுமே எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க, கச்சத்தீவு தெரியுமா தெரியுமான்னு. அந்தா வடக்க கறுப்பா நிக்குதே, அது தீவு இல்ல, மீன்பிடிக்கிற போட்டு. தீவு இங்கேருந்து யாரு கண்ணுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டுக் குடுத்திருப்பாங்களா?

நீங்க எங்கிட்டு, ஈரோடா? தீர்த்தம் ஆடிட்டுத் திரும்புறீங்க. தலை இன்னும் ஈரமா இருக்கு, சன்னலை இறக்கி விட்டுக்குங்க. நான் ராமநாதபுரம் போறேன். இன்னைக்குக் கச்சத்தீவை மீட்கச் சொல்லி ஆர்ப்பாட்டம். எங்க மீனவர் சங்கத்துல வேன் வச்சிருந்தாங்க. வேன்ல ஏறினா ஆளாளுக்குக் கத்துவாங்க. எனக்குப் பஸ்தான் தோது. ஆனா கோஷம் போடணும்னு வந்துட்டா மொத ஆளா நான் நிப்பேன். எனக்கு அங்க போன மாதிரி வேற யாருக்கும் போகலே.

என்ன போச்சுன்னு கேக்குறீங்களா? என் தங்கச்சி மக கல்யாணம் நடந்துச்சு சார். நான் தாய்மாமன். எனக்குப் பதிலா வேற ஒருத்தன் மாமனா நின்னான். தாய்மாமன் உசிரோட கல்லு மாதிரி இருக்கும்போது அடுத்த வீட்டுக்காரன் நிக்கிறதை நீங்க உங்க பக்கத்துல கேள்விப்பட்டிருக்கீங்களா? எல்லாம் அந்தத் தீவைத் தூக்கிக் குடுத்ததால வந்தது.

கதையை மொதல்லேருந்து சொல்றேன். அந்தத் தீவு எங்க சேதுபதி ராஜாவோட சொத்து. குத்தகைக்கு விட்டிருந்தாங்க. குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது, புதரும் மணலும்தான். எங்க அப்பாவெல்லாம் அங்க போயி வலை காயப்போட்டு, கஞ்சி காச்சிக் குடிச்சிட்டு, அந்தோணியாரைக் கும்பிட்டுட்டு வருவாங்க. வெள்ளைக்காரன் காலத்துலயே ரெண்டு பக்கமும் உக்காந்து எனக்கு ஒனக்குன்னு பேச ஆரம்பிச்சிட்டானுங்க. அப்புறம் எழுபத்தி நாலுல நம்மாளுங்க கையெழுத்துப் போட்டு அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. வலை காயப்போடலாம், திருவிழாவுக்குப் போகலாம்னு ஒரு வரி எழுதினாங்களாம். ரெண்டு வருஷம் கழிச்சு, அவங்க கடல்ல நீங்க மீன் பிடிக்கக் கூடாதுன்னும் எழுதிட்டாங்க. காயப்போடுறதுக்கு வலை நனையணும்ல? இதைக் கேக்க ஆளில்ல.

அங்கிட்டு நெடுந்தீவுக்காரங்க வேற கதை சொல்லுவாங்க. போர்த்துக்கீசியன் காலத்துலேருந்தே அது எங்க யாழ்ப்பாணத்தோட சேர்ந்ததுன்னு. என் மச்சானே சொல்லுவான். என் தங்கச்சி புருசன், அருளப்பு. அவன் நெடுந்தீவுக்காரன்தான்.

ஆமா சார், அங்கிட்டு ஆளுதான். எப்படின்னா, தொண்ணூறுல சண்டையில அகதியா வந்தாங்கல்ல, அப்ப படகுக்காரன் அவனையும் அவன் அம்மாவையும் அரிச்சல்முனைக்கு அங்கிட்டு ஒரு மணல்திட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். இதுதான் இந்தியா, நடந்து போங்கன்னு. நாலு பக்கமும் தண்ணி. நான் வள்ளத்துல போயித் தூக்கிட்டு வந்தேன். அவன் உதடெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சு. என் தங்கச்சி பிரகாசிதான் கரையில கஞ்சி குடுத்தா. மண்டபம் முகாம்ல இருந்துக்கிட்டு என்கூடக் கடலுக்கு வந்தான். நல்ல தொழில்காரன், அதை மறைக்கக் கூடாது. கடல்ல மிதவையைப் பார்த்தா இன்னாரு வலைன்னு தெரியணும்ல, அதுக்கு ஆளாளுக்கு ஒரு அடையாளம் போடுவோம். ரப்பர் செருப்பை அறுத்து மிதவை செஞ்சு, அதுல காச்சின ஆணியால ஒரு மீனும் மீன் வயித்துக்குள்ள ஒரு சிலுவையும் போட அவனுக்கு நான்தான் பழக்கி விட்டேன். அப்புறம் பிரகாசியை அவனுக்கே கட்டிக் குடுத்தோம். ஊர்ல ஆயிரம் பேசினாங்க. அகதிக்கா பொண்ணு குடுக்குறேன்னு. நான் குடுத்தேன்.

சண்டை முடிஞ்சதும், சொந்த மண்ணுக்குப் போறோம்னுட்டான். மண்டபத்துல பொறந்த பொண்ணையும் என் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். சட்டப்படிதான் போனாங்க. அப்ப யசிந்தா சின்னப்பிள்ளை. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, மாமா நீங்களும் வாங்கன்னு அழுதுச்சு.

அதுக்கப்புறம் எங்களுக்கு இருந்தது அந்தத் திருவிழா ஒண்ணுதான். வருஷத்துல ஒரு தடவை, தவக்காலத்துல, கச்சத்தீவு அந்தோணியார் கோயில்ல. இங்கேருந்து பேர் குடுத்து, சோதனை எல்லாம் முடிஞ்சு நாங்க போவோம். அங்கேருந்து அவங்க வருவாங்க. நான் சேலையும் முறுக்கும் கொண்டுபோவேன், அவ சோப்பும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவருவா. கொடியேத்தம், சிலுவைப்பாதை, மறுநாள் பூசை. அவ்வளவுதான், அழுதுக்கிட்டே பிரிஞ்சிருவோம். வருஷா வருஷம் அவ பேச்சு மாறிக்கிட்டே வந்துச்சு சார். மொத வருஷம் அண்ணேன்னா. அப்புறம் அண்ணைன்னா. அழகா இருக்குன்னு சொல்ற வாய் வடிவா இருக்குன்னு சொல்லுச்சு. என் தங்கச்சிதான், நான் தூக்கி வளர்த்தவதான், ஆனா எனக்கு நெஞ்சு கருக்குன்னு இருக்கும்.

அந்தப் பாசத்துலதான் போட்டுக்கு அவ பேரை வச்சேன். வள்ளத்தைக் குடுத்துட்டு விசைப்படகு எடுத்த நேரம். எல்லாரும் மாதா பேரும் புள்ளை பேரும் வைப்பாங்க. நான் ரெண்டு பக்கமும் பெருசா, தூரத்துலேருந்து பார்த்தாலும் தெரியுற மாதிரி, செவப்புல எழுதச் சொன்னேன். பிரகாசின்னு.

மீனா? மீன் இங்கிட்டு எங்க சார் இருக்கு. எங்க பக்கம் கடல் செத்துப் போச்சு. ஏன்னு தெரியலே. நாங்களும் எத்தனையோ வருஷமா மடி, அதான் இழுவை வலை, போட்டு அடியோட வழிச்சுப் பார்த்துட்டோம், சேறுதான் வருது. சாமி குத்தமோ என்னமோ. அதனால எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் போகணும். கோடுன்னா, கடல்ல கோடு போட்டா வச்சிருக்கான்? எந்திரத்துல காட்டுது, அவ்வளவுதான். மீனுக்கு அது தெரியாது.

போன வருஷம் மாசி மொதல்ல ஒரு நாள். மடியைத் தூக்கிக் கொட்டினோம். இறாலுக்கு நடுவுல பந்து மாதிரி சுருண்டு நண்டு வலை. சிறுவலைக்காரங்க போட்டு வச்சிருப்பாங்கல்ல, அது. எப்படி என் மடிக்குள்ள வந்துச்சுன்னா, கடல்னா எல்லாம் வரும் சார். மரக்கட்டை வரும், பழைய நங்கூரம் வரும். போட்டுல வேலை பாக்குற பையனுங்க வழக்கம்போல அறுத்துத் தண்ணியில தள்ளப் போனாங்க. டைட்டஸ்னு ஒருத்தன், என்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கிறவன், ஒரு மிதவையைத் தூக்கிக் காட்டி, அண்ணே இதைப் பாருங்கன்னான்.

மீனு. மீன் வயித்துக்குள்ள சிலுவை.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவ்வளவு பெரிய கடல்ல, எத்தனையோ பேர் வலை கெடக்க, என் மச்சான் வலை என் கைக்கு வருதுன்னா என்ன அர்த்தம்? அந்தோணியார் யாரு? காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு. இன்னும் ரெண்டு வாரத்துல அவரு திருவிழா. இது அவரு வேலைதான்னு எனக்குப் பட்டுச்சு. அறுக்காதீங்கடான்னு சத்தம் போட்டு, எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணியில அலசிக் காயப்போட்டேன். பாதி நார் நாராக் கிழிஞ்சிருந்துச்சு, ஆனா மிதவையெல்லாம் அப்படியே இருந்துச்சு. அந்த வருஷம் யசிந்தாவுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. திருவிழாவுல வச்சே மாமன் சேலையைக் குடுத்துரணும்னு நான் பட்டு எடுத்து வச்சிருந்தேன். கல்யாணத்துக்கு அங்க போக நமக்கு எங்க வசதி, எங்க அனுமதி? பட்டோட அந்த வலையையும் சேர்த்துக் கட்டினேன்.

என் வீட்டுக்காரி செலின் பார்த்துக்கிட்டே இருந்தா. "இதை எதுக்கு இப்பக் கட்டுறீக?"

"அருளப்புகிட்டக் குடுக்கத்தான். அவன் தொலைச்சது."

"தொலைச்சதா? கழுத்தை அறுத்துட்டு, தலையைக் கொண்டுபோயி உங்க தலைதானான்னு கேக்குற மாதிரி இருக்கு."

பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது. அவளுக்கு என் தங்கச்சி மேல ஆரம்பத்துலேருந்தே ஒரு இது. நான் கட்டி முடிச்சேன். கரையில சோதனை போடுறவங்க, திருவிழாவுக்கு எதுக்குய்யா வலைன்னு கேட்டாங்க. அந்தோணியாருக்கு நேர்ச்சைன்னேன். பொய் இல்லையே.

தீவுல இறங்கினதும் நேரா அவங்க உக்கார்ற எடத்துக்குப் போனேன். கோயிலுக்கு மேற்க, ஒரு புதர் ஓரம், பாயி விரிச்சு உக்காந்திருந்தாங்க. பிரகாசி இளைச்சிருந்தா. யசிந்தா எந்திரிச்சு நின்னு, "வாங்கோ மாமா"ன்னு சிரிச்சுச்சு. பக்கத்துல நெடுந்தீவுக் கிழவி ஒருத்தி, வெத்தலை போட்ட வாய், என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "இவர்தானோ பிரகாசி?"ன்னா.

எனக்கு வெளங்கலே. "பிரகாசி என் தங்கச்சிம்மா, இந்தா இருக்கா"ன்னேன்.

"இவ இல்ல. மற்றப் பிரகாசி. பிரகாசி வருது, ஓடிப்போய் வலையைத் தூக்குங்கோ எண்டு எங்கட பெடியள் கத்துறது இவளைப் பார்த்தோ?"

அங்க இருந்த நாலைஞ்சு பேர் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. போட்டு பேரு அங்க வரைக்கும் பரவியிருக்கு பாருங்க. பிரகாசி மட்டும் சிரிக்கலே, பாயில ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கிட்டே இருந்தா.

நான் மூட்டையைப் பிரிச்சு வலையை அருளப்பு மடியில வச்சேன். "அந்தோணியார் குடுத்து விட்டாரு மச்சான். பாரு, உன் அடையாளம்."

அவன் ஒவ்வொரு மிதவையாத் தடவிப் பார்த்தான். கிழிஞ்ச கண்ணிக்குள்ள ஒவ்வொண்ணா விரலை விட்டுப் பார்த்தான். சந்தோசத்துலதான் அப்படித் தடவுறான்னு நான் நெனைச்சேன்.

"எங்க எடுத்தனீங்கள், மச்சான்?"

"கடல்லதான்."

"கடல் பெரிசு. எந்த இடத்தில?"

"வழக்கமா இழுக்கிற எடம்தான். உங்க ஊரு கலங்கரை விளக்கு தெரியுமே, அங்கிட்டு."

"வெளிச்ச வீட்டில கல்லு எண்ணக்கூடிய தூரம் எண்டு சொல்லுங்கோ."

"அம்புட்டுக் கிட்டத்துல இல்லப்பா."

"இது என்ர முழு வலை மச்சான். இதைப் போட்டிட்டுத்தான் பிள்ளையின்ர கலியாணத்துக்கு நாள் வைச்சனான். விடியக் காலமை போய்ப் பார்க்க ஒண்டும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தவணை சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். சனி எடுத்ததோ, சுழி எடுத்ததோ எண்டு நானும் நேர்ந்துகொண்டு திரிஞ்சன். நீங்கள் வந்து மடியில வைக்கிறியள்."

கல்யாணம் தள்ளிப்போனது எனக்கு அப்பத்தான் தெரியும். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரே எடத்துல மொத்த வலையையும் போடுவானா ஒருத்தன்? பிரிச்சுல்ல போடணும். அதையும் அவன்கிட்டச் சொன்னேன், நல்லதுக்குத்தானே. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

சரி, பேச்சை மாத்துவோம்னு பட்டுச் சேலையை எடுத்தேன். அரக்குக் கலரு, பச்சைக் கரை. யசிந்தா கையை நீட்டிருச்சு. அவன், "பொறு பிள்ளை"ன்னான். எந்திரிச்சு, கோயிலைக் கையைக் காட்டினான்.

"வாங்கோ மச்சான். அந்தோணியாருக்கு முன்னால ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இனி எங்கட பக்கம் வந்து மடி இழுக்க மாட்டன் எண்டு. சொல்லிப்போட்டுச் சீலையைக் குடுங்கோ. தாய்மாமன் நீங்கள்தான். வேற ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

எங்க பக்கத்துலயும் சரி அவங்க பக்கத்துலயும் சரி, அந்தோணியார் கோயில்ல வாய்விட்டுச் சத்தியம் பண்ணினா பண்ணினதுதான். மீறினவன் வீடு விளங்காது. எங்க ஊர்ல போலீஸ் தீர்க்காத வழக்கெல்லாம் அதுல தீர்ந்திருக்கு. நான் அவன்கூட நடந்தேன். பின்னாடியே பிரகாசியும் பொண்ணும். கோயில் வாசல்ல கூட்டம் வழி விட்டுச்சு. சுரூபத்துக்கு முன்னால மெழுகுதிரியா எரியுது, முகத்துல சூடு அடிக்குது. யசிந்தா என் கையிலிருந்த சேலையையே பார்த்துக்கிட்டு நிக்கிது.

சொல்லிட்டு வந்திருக்கலாம்னு நீங்க நெனைக்கிறீங்க. சும்மா வாயால சொல்லிட்டு, மறுவாரம் போயி இழுத்துட்டு வந்தா யாருக்குத் தெரியப் போகுதுன்னு. எங்க ஆளுங்ககூட அப்படித்தான் சொன்னாங்க. நான் அப்படிப்பட்டவன் இல்ல சார். சாமி விஷயத்துல எனக்குப் பொய் வராது. போகத்தான் போறேன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்புறம் எப்படிப் போக மாட்டேன்னு அவரு முகத்தைப் பார்த்துச் சொல்றது? அந்தப் பாவத்தை நான் பண்ணலே. பண்ண மாட்டேன்னுட்டேன்.

"ஏன் மச்சான்?"ன்னான்.

"இந்த மண்ணே எங்க ராஜாவோடது. இங்க வந்து நின்னுக்கிட்டு எங்கிட்டு வரக் கூடாதுன்னு என்னைக் கேக்குறியா? எங்களைக் கேக்காம எவனோ எழுதிக் குடுத்ததுக்கு நான் சத்தியம் பண்ணணுமா?"

அவன் சத்தமே போடலே. "அப்ப தீவைக் கொண்டுபோங்கோ மச்சான். நான் வேண்டாம் எண்டோ சொல்லுறன்? மண்ணோட, கோயிலோட, எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போங்கோ. எங்கட வலையை மட்டும் விட்டிட்டுப் போங்கோ."

பாத்தீங்களா பேச்சை? மணல்திட்டுல கெடந்தவனைத் தூக்கிட்டு வந்தேன். அவன் எனக்குத் தீவைத் தானம் பண்றான்.

சேலையைத் திருப்பி மடிச்சு வச்சேன். மறுநாள் பூசை முடிஞ்சு கெளம்புற நேரம் பிரகாசி மட்டும் கரைக்கு வந்தா. அழுவான்னு நெனைச்சேன். அழலே. "அண்ணை, எனக்கு நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். அந்தப் பேரை அழிச்சுப்போடுங்கோ"ன்னா.

எதைச் சொல்றாளோ, எனக்கு வெளங்கலே.

"போட்டில கிடக்கிற என்ர பேரை. கிணத்தடியில நான் வாளி தூக்கினா, வலையை எடுங்கோடி, பிரகாசி வருதெண்டு சொல்லிச் சிரிக்கினம். ஒருநாள் சிரிக்கினம், ஒருநாள் துப்பினம்."

அவனோட இருந்து இருந்து அவ மனசையும் கெடுத்துட்டான் சார். பாசத்துல வச்ச பேரை எவனாவது அழிப்பானா? நான் அழிக்கலே. அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்துல போட்டைக் கரையேத்தி, இன்னும் நல்லாத் தெரியட்டும்னு புதுச் செவப்பு அடிச்சேன். கோவிக்கிறவ கோவிக்கட்டும், அண்ணன் மாறலேன்னு அவளுக்குத் தெரியணும்ல. சேலை வீட்டு பீரோவுல கெடக்கு. செலினைக் கட்டுன்னா கட்ட மாட்டேங்குறா.

உச்சிப்புளி வந்துருச்சு. இனி சீக்கிரம் போயிரும். மிச்சத்தையும் சொல்லிர்றேன்.

கல்யாணம் ஆவணியில நடந்துச்சு. எனக்கு யாரும் பத்திரிகை வைக்கலே. ஆனா பிரகாசி போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்பியிருந்தா. யாரோ பையன் போன்லேருந்து. இன்னும் வச்சிருக்கேன், இங்க இரைச்சல்ல கேக்காது, நானே சொல்றேன். "அண்ணை, வியாழக்கிழமை பிள்ளைக்குக் கலியாணம். பக்கத்து வீட்டுச் சூசைதாசன்தான் மாமன் இடத்தில நிக்கிறார். கோவிக்காதேங்கோ. முழு ஊரும் கலியாணத்துக்கு வருகுது. அண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டினம், வலை பார்க்கவும் ஆள் இல்லை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், அண்டைக்கு ஒருநாள் மட்டும் இஞ்சால் வராதேங்கோ." அதோட வச்சுட்டா.

நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். புதன்கிழமை எங்களுக்குக் கடல் நாள், விசைப்படகு போகிற முறை. போனோம். வியாழன் விடியவும் மத்த போட்டெல்லாம் கரைக்குத் திரும்பிருச்சு, வெளிச்சத்துல அங்க நிக்கக் கூடாதுல்ல. நான் திரும்பலே. டைட்டஸ், அண்ணே நேவிக்காரன் பிடிச்சிட்டுப் போயிருவான்னு பயந்தான். நில்லுடா, என் மருமகளுக்குத் தாலி ஏறுற நேரம்னேன்.

நெடுந்தீவுக் கரைக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போனேன். தென்னை தெரிஞ்சுச்சு. கோயில் தெரிஞ்சுச்சு. ஒலிபெருக்கியில பாட்டு. அப்புறம் சாமியார் குரல், என்ன சொல்றாருன்னு பிரியலே, ஆனா யசிந்தா பேரு மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. நான் தொப்பியைக் கழட்டிச் சிலுவை போட்டுக்கிட்டேன். பையனுங்களும் போட்டுக்கிட்டாங்க. எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. சும்மா நின்னு டீசலை எரிக்கிறதுக்கு, மடியை எறக்குங்கடான்னேன்.

கடல்ல ஒரு ஆளு இல்ல சார். ஒரு வள்ளம் இல்ல. கத்துறவன் இல்ல, கல்லை விட்டு எறியுறவன் இல்ல. அவங்க வலைதான் அங்கங்க கெடந்துச்சு, அதுபாட்டுக்கு. பாட்டு முடியுற வரைக்கும் இழுத்தோம். தூக்கினப்போ வின்ச் முக்குது. அப்படி ஒரு மீன்பாடு அந்த வருஷம் பூரா எங்க கரையில எவனுக்கும் கெடைக்கலே. மடி கொள்ளலே.

வீட்டுக்கு வந்து செலின்கிட்டச் சொன்னேன். அவ பாதியிலேயே எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவளுக்கு எப்பவுமே இப்படித்தான்.

ஆனா எனக்குத் தெரியும். அருளப்பு பக்கத்துல இருக்கும்போது பிரகாசி வேற எப்படிச் சொல்ல முடியும்? வராதேங்கோன்னுதான் சொல்லணும். ஊருல ஒருத்தரும் கடலுக்குப் போக மாட்டாங்க, பார்க்க ஆளில்லைன்னு கிழமையோட எனக்கு ஏன் சொல்லணும், நீங்களே சொல்லுங்க. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ சார். மாமனுக்கு அங்க எடம் இல்லேன்னதும், தன்னால ஆனதை அண்ணனுக்குச் செஞ்சிருக்கா.